மால்டா 5 இரவு: முழங்கால் வலி உள்ள அப்பா, 4 வயசு மகன். கோஸோ தீவுக்கு ஒரு நாள் போதுமா?

கார்த்திக்_ஸ்டுட்கார்ட்

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசி வாரம் பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு. மால்டாவுக்கு ஃப்ளைட் போட்டாச்சு. நான், மனைவி, 9 வயசு மகள், 4 வயசு மகன், தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அப்பா. மொத்தம் 5 இரவு.

அப்பாவுக்கு 69. வலது முழங்காலில் தேய்மானம். சமதரையில் அரை மணி நேரம் நடப்பார், படிக்கட்டு என்றால்தான் சிரமம். வலிச்சாலும் சொல்ல மாட்டார், நாமாகப் பார்த்து உட்கார வைக்கணும். 22 வருஷம் சவூதியில், தமாமில் வேலை பார்த்தவர். அம்மா போன பிறகு எங்கேயும் வெளியே கிளம்பாதவர், "கடல் பக்கமா எங்கேயாவது போலாமாப்பா" என்று இந்தத் தடவை அவரே கேட்டார். அதனால் இந்தப் பயணம் அவருக்கு நல்லபடியா அமையணும்.

என் கேள்விகள்: தலைநகர் வல்லெட்டாவில் தங்கலாமா, எதிர்க்கரை சிலீமாவிலா? கார் எடுக்கணுமா? கோஸோவுக்கு ஒரு நாள் போய் வந்தால் போதுமா? பூமிக்கடியில் இருக்கும் ஹைபோஜியம் கல்லறைக்குச் சின்னவனை விடுவாங்களா? அப்பா சைவம், அங்கே என்ன சாப்பிடுவார்? ப்ளூ லகூன் என்ற நீலக் கடல் பகுதியின் ஃபோட்டோவைப் பார்த்துட்டு மகள் அங்கே போயே ஆகணும் என்கிறாள்.

அப்பாவுக்கு ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசா. அதுவே போதும்தானே?

---

ஹம்ரூன்_முருகன்

வணக்கம் கார்த்திக். நான் இங்கே மால்டாவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளரா இருக்கேன், ஹம்ரூனில் வீடு. மால்டா 2007-லிருந்து ஷெங்கனில் இருக்கு. அப்பாவின் விசா தேதியும் தங்கும் நாள் கணக்கும் சரியா இருந்தால் போதும். விசா ஒட்டின பாஸ்போர்ட்டைக் கையிலேயே வெச்சுக்கட்டும்.

ஹைபோஜியத்தில் 6 வயசுக்குக் கீழே அனுமதி இல்லை. ஒரு தடவைக்கு 10 பேர் மாதிரிதான் உள்ளே விடுவாங்க, டிக்கெட் வாரக்கணக்கில் முன்னாடியே தீர்ந்துடும். யாராவது ஒருத்தர் சின்னவனோட வெளியே இருக்கணும், சுற்றிலும் குடியிருப்புத் தெருதான். உங்க குடும்பத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பிளக் இங்கே இங்கிலாந்து மாதிரி மூணு தட்டை முள். ஜெர்மனி சார்ஜர் பொருந்தாது, அடாப்டர் வாங்கிடுங்க. வண்டி இடப்பக்கம் ஓடும், அப்பாவுக்குப் பழகினதுதான், உங்களுக்கு முதல் நாள் தடுமாறும். பஸ் டிக்கெட் ஒண்ணு எடுத்தால் 2 மணி நேரம் மாறி மாறிப் போகலாம். ஆனா சாயங்காலம் ரோடு அடைச்சுக்கும். மொத்த நாடே 316 சதுர கிலோமீட்டர்தான் என்று நினைச்சு ஒரு நாளைக்கு நாலு இடம் போட்டுடாதீங்க.

---

ஜெசிந்தா_நூரம்பர்க்

கார்த்திக் தம்பி, உங்க பதிவை ரெண்டு தடவை வாசிச்சேன். "வலிச்சாலும் சொல்ல மாட்டார்" என்ற இடத்தில் எனக்கு எங்க அம்மா ஞாபகம் வந்துட்டாங்க. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நாங்க போனது செப்டம்பர் முதல் வாரம். நான், வீட்டுக்காரர், 11 வயசு மகன், 6 வயசு மகள், அம்மா. அம்மாவுக்கு 71, தூத்துக்குடி. ரெண்டு முழங்காலும் போனவங்க. முதல்ல முழுசா வல்லெட்டாவிலேயே தங்குற மாதிரிதான் போட்டிருந்தோம். கடைசி நேரத்தில் மாத்தி 3 இரவு கோஸோவில் இருந்தோம். அந்த மூணு நாள்தான் அம்மா இன்னைக்கும் ஃபோனில் பேசுற மூணு நாள். அதனால் உங்க முக்கியமான கேள்விக்கு முதல்லயே சொல்லிடுறேன்: ஒரு நாள் போதாது. குறைஞ்சது 2 இரவு அங்கே தூங்குங்க.

ஏன்னா, ஒரே நாளில் போய் வந்தா அந்த நாள் பஸ்ஸிலும் படகுத்துறையிலும்தான் கழியும். வல்லெட்டாவிலிருந்து சிர்கெவ்வா துறைக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல. அங்கிருந்து கோஸோவின் இம்ஜார் துறைக்குப் படகு 25 நிமிஷம்தான், அது சுகம். பெரிய படகு, உட்கார நிறைய இடம் இருக்கும், காரும் ஏறும். போகும்போது டிக்கெட் கேட்க மாட்டாங்க, திரும்பி வரும்போது இம்ஜாரில்தான் காசு. தெரியாமல் நாங்க சிர்கெவ்வாவில் கவுண்டரைத் தேடிக்கிட்டு நின்னோம். வல்லெட்டாவிலிருந்தே நேரா இம்ஜாருக்கு வேகப்படகும் 2021-லிருந்து ஓடுது, முக்கால் மணி நேரம். ஆனா கடல் அலையடிச்சா ஓடாது, அக்டோபர் கடைசியில் அதை மட்டும் நம்பாதீங்க.

கோஸோவில் மார்சல்ஃபோர்ன் என்ற கடலோர ஊரில் தங்கினோம். கடற்கரை நடைபாதை முழுக்கச் சமதரை, பத்தடிக்கு ஒரு பெஞ்ச். முழங்கால் வலிக்காரங்களுக்கு அதைவிட என்ன வேணும்? காலையில் நாங்க எழுந்திரிக்கும் முன்னாடியே அம்மா தனியா நடந்து போய் ஒரு பெஞ்சில் ஜெபமாலையோட உட்கார்ந்திருப்பாங்க. நூரம்பர்க்கில் எங்க வீட்டு வாசலைத் தாண்டத் தயங்குறவங்க.

அங்கிருந்து மேற்கே கடலோரமாப் போனா ஷ்வேய்னி உப்பளம். இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். எங்க தாத்தா உப்பளத்தில் வேலை பார்த்தவர். அம்மாவும் சின்ன வயசில் அளத்துக்குப் போய் உப்பு வாரியிருக்காங்க. தூத்துக்குடியில் மண்ணில் பாத்தி கட்டி, தரையை மிதிச்சு இறுக்கி, தண்ணி பாய்ச்சுவாங்க. இங்கே பாத்தியையே சுண்ணாம்புப் பாறையில் வெட்டியிருக்காங்க. கடலை ஒட்டி, கட்டம் கட்டமா, கண்ணுக்கு எட்டுற வரைக்கும். நூற்றாண்டுகளாக் கைமாறி வர்ற வேலை. வெயில் காலத்தில் மட்டும்தான் விளைச்சல். காய்ஞ்ச உப்பைத் துடைப்பத்தால் கூட்டிக் குவிக்கிறாங்க.

நாங்க போனபோது ஒரு பெரியவர் குவிச்சுக்கிட்டிருந்தார். நாங்க எல்லாரும் பாத்தியைப் பார்த்தோம், கடலைப் பார்த்தோம். அம்மா முதல்ல பார்த்தது அவர் பாதத்தை. எங்க ஊரில் அளத்துக்குப் போனவங்க கால் எப்படி இருக்கும் என்று அவங்களுக்குத் தெரியும். அப்புறம் குனிஞ்சு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வெச்சு, "மண்ணே ஒட்டலையேடி" என்றாங்க. அவர் என்ன புரிஞ்சுக்கிட்டாரோ, ஒரு கை அள்ளி அம்மாவின் முந்தானையில் போட்டார். தூத்துக்குடி வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் அந்த உப்பு இன்னும் இருக்கு. சமையலுக்கு எடுக்க விடமாட்டாங்க.

(நீங்க போற சமயம் உப்பு இருக்காது தம்பி. அக்டோபரில் மழை ஆரம்பிச்சுடும். பாத்தியில் தேங்கின தண்ணியில் சாயங்கால வெளிச்சம் விழும், அதுக்காகவே போகலாம்.)

செப்டம்பர் 8 அன்னைக்கு நடந்ததையும் சொல்லிடுறேன், உங்க பயணத்துக்கு நேரடியா உதவாதுதான். கல்யாணமான வருஷத்திலிருந்து அம்மா மாதா பிறந்தநாளுக்கு வேளாங்கண்ணியில் இருப்பாங்க. அந்த வருஷம் எங்களோட இருந்ததால் போக முடியலை. வாய் திறந்து ஒண்ணும் சொல்லலை, ஆனா முகம் வாடியிருந்தது. வாடகை வீட்டுக்காரம்மாதான் சொன்னாங்க, மேலே ஷாரா என்ற ஊரில் இன்னைக்குத் திருவிழா என்று. அந்த ஊர்க் கோயிலும் மாதா பிறப்புக்குத்தான். அதே நாள்! டாக்ஸி பிடிச்சு அம்மாவைக் கூட்டிட்டுப் போனோம். தெரு முழுக்கப் பட்டுத் திரை, பேண்டு வாத்தியம், வாணவேடிக்கை, ஆண்கள் மாதா சுரூபத்தைத் தோளில் தூக்கிட்டு வர்றாங்க. அம்மா நடைமேடை ஓரமா நின்னு கைகூப்பினாங்க. பக்கத்தில் நின்ன ஒரு பாட்டி தன் மடக்கு நாற்காலியை எழுந்து கொடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. சுரூபம் கிட்ட வந்ததும் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சிலுவை போட்டுக்கிட்டாங்க.

உங்க அப்பாவுக்கு இங்கே ஒரு விஷயம் காத்திருக்கு. மால்டா மொழி ரோமன் எழுத்தில் எழுதுவாங்க, ஆனா அடியில் அரபி. 870-இல் அரபியர் வந்து ஆண்ட காலத்தோட எச்சம். மேலே இத்தாலிய வார்த்தை நிறையக் கலந்திருக்கு. நன்றிக்கு "கிராட்ஸி". எண்ணுறதோ வியேஹெட், த்னேய்ன், த்லியேட்டா! எவ்வளவு என்று கேட்க "கெம்". ரொட்டிக்கு "ஹொப்ஸ்", அதாவது நம்ம வளைகுடா ஆட்கள் சொல்ற குபூஸ்தான். ஷாராவில் பூசையில் சாமியார் கடவுளை "அல்லா" என்று கூப்பிட்டார். எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சு. தவக்காலத்துக்குப் பெயர் "ரண்டான்", ரமதானோட உறவு. 22 வருஷம் தமாமில் இருந்தவர் கடையில் நின்னு பேச்சைக் கேட்டாலே காதில் ஏதாவது விழும். இங்கிலீஷ் எல்லோருக்கும் வரும், அதுவும் ஆட்சிமொழி. இருந்தாலும் அவரை விட்டே கடையில் விலை கேட்க வையுங்க.

பலகையில் ஊர்ப் பெயரை வாசிக்க ஒரு குறிப்பு: எக்ஸ் எழுத்து வந்தா "ஷ". மார்சஷ்லொக், ஷாரா, ஷ்வேய்னி. இது தெரியாமல் பஸ்ஸில் உட்கார்ந்தா இறங்குற இடம் தாண்டிடும்.

ஷாராவிலேயே ஜ்கான்டியா கற்கோயில் இருக்கு. கி.மு. 3600 வாக்கில் கட்டினது, எகிப்துப் பிரமிடுகளுக்கு முந்தினது. அரக்கி ஒருத்தி கல்லைச் சுமந்து வந்து கட்டினாள் என்று கதை, பேரே அதிலிருந்து வந்ததுதான். நடைபாதை போட்டிருக்காங்க, அப்பா மெதுவா நடந்துடுவார். ஹைபோஜியம் இல்லையே என்ற குறை இங்கே தீரும். பெரிய தீவில் ஹஜார் இம் கோயிலும் நல்லா இருக்கும், வெயில் மழை படாமல் மேலே கூடாரம். ஆனா அங்கிருந்து இம்னாய்த்ராவுக்குக் கீழே இறங்குற பாதை அரை கிலோமீட்டர். இறங்கிடலாம், ஏறுறதுதான் வில்லங்கம். அம்மாவை மேலேயே விட்டுட்டு நாங்க மாறி மாறிப் போனோம்.

இனி வல்லெட்டா. தங்க அதுதான், சிலீமா வேண்டாம். சிலீமாவிலிருந்து படகில் எதிர்க்கரை வந்து இறங்கினா வல்லெட்டாவுக்குள் செங்குத்தா ஏறணும். அம்மா பாதியில் நின்னுட்டாங்க, முகம் வெளுத்துப் போச்சு. அவங்களை ஏற வெச்சது என் தப்பு. 1565-இல் துருக்கியர் போட்ட முற்றுகைக்குப் பிறகு ஒரு முகட்டு மேல கட்டின ஊர் அது. முகட்டு நடுவே போற ரிபப்ளிக் தெரு சமம், ரெண்டு பக்கமும் சரியுற தெருக்கள் பல இடத்தில் படிக்கட்டு. அதனால் நகர வாசல் பக்கத்தில், ரிபப்ளிக் தெருவை ஒட்டியே வீடு பாருங்க. பஸ் நிலையமும் வாசலுக்கு வெளியேதான். வாடகைக்கு விடுறவரிடம் எழுத்தில் கேளுங்க: வாசலிலிருந்து படுக்கை வரை எத்தனை படி? லிஃப்ட் இருக்கா? பழைய வீடுகளில் படி குறுகலா, சுழலா இருக்கும்.

மேல் பராக்கா தோட்டத்தில் மதியம் 12 மணிக்குப் பீரங்கி சுடுவாங்க. சின்னவன் காதைப் பொத்திடுங்க, என் மகள் அலறிட்டாள். அங்கிருந்து 58 மீட்டர் லிஃப்ட் ஒண்ணு துறைமுகத்துக்கே இறக்கி விடும். கீழே படகு பிடிச்சு எதிரே 'மூன்று நகரங்கள்' என்ற பழைய ஊர்களுக்குப் போகலாம். அப்பா ஒரு படி ஏறாமல் கிராண்ட் ஹார்பர் முழுக்கப் பார்த்துடுவார்.

புனித யோவான் இணைக் கதீட்ரலைத் தவற விடாதீங்க. வெளியே கோட்டைச் சுவர் மாதிரி வெறுமையா இருக்கும், உள்ளே பொன். தரை முழுக்க அந்தக் காலத்தில் மால்டாவை ஆண்ட வீரத்துறவிகளின் வண்ணப் பளிங்குக் கல்லறைகள். இத்தாலிய ஓவியர் கராவாஜியோ 1608-இல் வரைஞ்ச யோவானின் சிரச்சேதம் அங்கே ஒரு சுவரையே அடைச்சு நிக்குது. அவர் கையெழுத்துப் போட்ட ஒரே ஓவியம் அது, போட்டிருப்பதும் யோவானின் ரத்தம் வழியுற இடத்தில். என் மகன் பத்து நிமிஷம் அதை விட்டு நகரலை.

மொஸ்டா என்ற ஊருக்கும் போங்க. இரண்டாம் உலகப் போர், 1942 ஏப்ரல் 9, அந்த ஊர்க் கோயிலில் 200-க்கும் மேற்பட்டவங்க கூடியிருந்தபோது குண்டு ஒண்ணு கூரையைத் துளைச்சு விழுந்தது, வெடிக்கலை. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. அதே மாதிரிக் குண்டு ஒண்ணைப் பக்கத்து அறையில் வெச்சிருக்காங்க. என் மகன் நூரம்பர்க்கில் பிறந்தவன். "அம்மா, இது ஜெர்மனியிலிருந்து வந்ததா?" என்று தமிழில், மெதுவா, யாருக்கும் கேட்காத மாதிரிக் கேட்டான். ஆமாம் என்றேன். அன்னைக்கு ராத்திரி அவன் அப்பாவோட ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தான். உங்க மகளுக்கு 9 வயசு, அவளும் கேட்பாள். பதிலை யோசிச்சு வெச்சுக்கோங்க.

சாப்பாடு: பஸ்டிட்ஸி எங்கேயும் கிடைக்கும், நம்ம பப்ஸ் மாதிரி அடுக்கு மாவு, உள்ளே ரிக்கோட்டா பாலாடைக்கட்டி அல்லது பட்டாணி. ஆனா மாவில் பன்றிக்கொழுப்பு சேர்க்கிற கடைகளும் உண்டு. அப்பா சைவம் என்றால் கேட்டுத்தான் வாங்கணும். ஃப்டீரா என்ற ரொட்டியில் சூரை மீன் வைப்பாங்க, மீன் இல்லாமல் தக்காளி, ஆலிவ், கேப்பர் மட்டும் போட்டுத் தரச் சொல்லலாம். பீன்ஸை அரைச்சுப் பூண்டு போட்ட பிகில்லாவை ரொட்டிக்குத் தொட்டுக்கலாம். குழாய்த் தண்ணியில் உப்பு நீக்கின கடல்நீர் நிறையக் கலந்திருக்கும், அந்த நாட்டில் ஆறே கிடையாது. குடிச்சா ஒண்ணும் ஆகாது, ஆனா அம்மா போட்ட காப்பி முதல் நாள் வாயில் வைக்க முடியலை. காப்பிக்குப் பாட்டில் தண்ணி வாங்கிடுங்க.

மகனுக்குக் கடலில் சொறி பட்டுடுச்சு, ஜெல்லி மீன்தான். நல்ல தண்ணி ஊத்தாதீங்க, கடல் தண்ணியாலேயே கழுவணும். அங்கே பல பார்மஸிகளில் உள்ளேயே டாக்டர் உட்கார்ந்திருப்பார், பச்சைச் சிலுவை தெரிஞ்சா நுழையுங்க.

ப்ளூ லகூன் வேண்டாம் தம்பி. பாறை, நிழல் குறைவு, ஆள் கூட்டம், அப்பாவுக்கு உட்கார நல்ல இடம் இருக்காது. மகளுக்கு ஆதீரா கடற்கரையைக் காட்டுங்க, ரொம்ப தூரம் வரைக்கும் முழங்கால் ஆழம்தான், சின்னவனும் விளையாடுவான்.

---

பயணி_ரமேஷ்

கோஸோவில் 2 இரவு வீண் என்பது என் கருத்து. நாங்க காலை 7-க்குக் கிளம்பி ராத்திரி 9-க்கு வந்துட்டோம், எல்லாம் பார்த்தாச்சு. கார் எடுத்தால் ஒரு நாள் தாராளம்.

---

ஜெசிந்தா_நூரம்பர்க்

ரமேஷ், உங்களால் முடிஞ்சிருக்கும். 14 மணி நேரம் வெளியே இருக்க 69 வயசு முழங்காலும் 4 வயசுப் பிள்ளையும் தாங்காது. மதியம் ரெண்டு மணி நேரம் படுக்க ஒரு கட்டில் பக்கத்தில் இருக்கணும். அது இருந்ததால்தான் அம்மா சாயங்காலம் மறுபடி எழுந்து வந்தாங்க. கார் விஷயத்தில் நீங்க சொல்றது சரி, கோஸோவில் மட்டும் எடுக்கலாம்.

---

ஹம்ரூன்_முருகன்

அதேதான். வல்லெட்டாவில் இருக்கிற நாளுக்குக் கார் எடுத்தால் நிறுத்த இடம் தேடியே பொழுது போகும். மார்சஷ்லொக்கில் கண் வரைஞ்ச மீன்பிடிப் படகுகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீங்க, சந்தைக் கூட்டம் நெரியும். மீனும் வாங்கப் போறதில்லையே, வார நாளில் போனால் அப்பா கரையில் நிம்மதியா உட்காரலாம்.

---

கார்த்திக்_ஸ்டுட்கார்ட்

அக்கா, முருகன் அண்ணா, ரமேஷ், ரொம்ப நன்றி. ராத்திரியே மாத்திட்டேன்: 3 இரவு வல்லெட்டா நகர வாசல் பக்கம், லிஃப்ட் உள்ள வீடு, 2 இரவு மார்சல்ஃபோர்ன். ப்ளூ லகூன் இல்லை என்றதும் மகள் கோவிச்சுக்கிட்டாள், ஜ்கான்டியா அரக்கி கதையைச் சொல்லிச் சமாளிச்சேன்.

அக்காவின் பதிவைச் சாப்பிடும்போது அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "வியேஹெட், த்னேய்ன், த்லியேட்டா" வரைக்கும் வந்ததும் நிறுத்தச் சொல்லிட்டு, அர்பா, கம்சா, சித்தா என்று பத்து வரைக்கும் அவரே எண்ணினார். அம்மா இருந்தப்போ தமாமிலிருந்து ஃபோன் பண்ணும்போது மாசக் கணக்கை இப்படித்தான் எண்ணிச் சொல்வாராம். எனக்கு இது தெரியாது.

அக்கா, மார்சல்ஃபோர்னில் நீங்க தங்கின வீடு தரைத்தளமா?

---

ஜெசிந்தா_நூரம்பர்க்

தரைத்தளம்தான், வாசலில் ஒரே ஒரு படி. அந்த வீட்டு விவரத்தை உங்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்புறேன். கடற்கரையில் இடது கடைசிப் பெஞ்சில் காலையில் காத்து கம்மி, அப்பாவிடம் சொல்லுங்க.